போராளி வெர்னாவும் பதினொரு கண்ணாடித் தட்டுகளும்

வெர்னா லிண்ட்க்விஸ்ட் முப்பத்தோரு வருஷமாக அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இடது மார்பில் பட்டாணி அளவுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும், நாற்பது பேரிடம் தனித்தனியாகச் சொல்ல அலுப்புப்பட்டு, ஃபேஸ்புக்கில் ஒரே வரியில் போட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் காலை அவள் போராளி ஆகியிருந்தாள். இளஞ்சிவப்பு நாடாக்கள், மடக்கிய முஷ்டிகள், கட்டிப்பிடிக்கும் கரடிகள். ஒருவர் பீட்ரூட் சாற்றிலேயே குணமாகும் என்றார். இன்னொருவர், தன் நாய்க்கும் இதேதான் வந்தது, இப்போது நன்றாக ஓடுகிறது என்று படத்தோடு ஆறுதல் சொன்னார்.

"உன்னை வானத்துத் தேவதைன்னு எழுதியிருக்கா ஒருத்தி" என்றார் கணவர் கோர்டி.

"நான் இன்னும் சாகலன்னு பதில் போடுங்க."

வாசலில் உணவும் வந்து சேர்ந்தது. மாட்டிறைச்சிமேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்ட அதே பதார்த்தம், மூடி போட்ட பதினொரு ஆழமான கண்ணாடித் தட்டுகளில். ஒவ்வொன்றின் அடியிலும் காகித ஒட்டுநாடாவில் சொந்தக்காரியின் பெயர்.

வெர்னா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வியாழன்தோறும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் அவளது பௌலிங் குழுவின் தலைவி மார்லிஸ், 'நம் போராளி ஓய்வெடுக்கட்டும், இறுதி ஆட்டத்தில் அவளுக்குப் பதில் வேறு ஆள்' என்று போட்டதைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

"ஏன்டி, யாரைக் கேட்டு என் இடத்தைத் தூக்கிக் குடுத்த?"

"நீ போராடிட்டிருக்கடி! உடம்பைப் பாத்துக்க. அந்த பீட்ரூட் சாறைக் குடி."

"போராளிங்கற, ஒரு பந்து உருட்டக் கூடாதுங்கற. டாக்டரே தாராளமா ஆடுன்னுட்டார்."

"அதுக்கில்ல... தொண்ணூறு பேர் இதயம் போட்டுட்டாங்களேடி. இப்ப எப்படி மாத்தறது?"

வெர்னா அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். இத்தனை அன்பு காட்டுகிறார்களே, நான்தான் நன்றிகெட்டவளா? இருக்கலாம். ஆனாலும் பரிதாபமாகத் தலையைச் சாய்த்து "எப்படி இருக்கே?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த பௌலிங் கூடம். அதை விட்டுக்கொடுக்க முடியாது.

எழுந்து பதினொரு தட்டுகளையும் கழுவினாள். மேஜையில் வரிசையாக வைத்துப் படமெடுத்துப் போட்டாள்: 'தட்டுகள் பத்திரமாக உள்ளன. வியாழன் ஆறு மணிக்கு, நான் முதல் பந்தை உருட்டியபின் ஒப்படைக்கப்படும். நான் ஆடாவிட்டால் தட்டுகளுக்கு நான் பொறுப்பல்ல.'

அந்த ஊரில் கணவனைத் தொலைத்தாலும் தட்டைத் தொலைக்க மாட்டார்கள். முதல் முறையாக அவள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு நாடாவும் இல்லை, ஒரு கரடியும் இல்லை. 'மூடியும் இருக்கா?' 'என்னுது ஓரத்தில் கீறல் உள்ளது, மாற்றிவிடாதே.' அரை மணி நேரத்தில் மார்லிஸ் எழுதினாள்: 'வெர்னா ஆடுகிறாள். நீல மூடி என்னுடையது.'

வியாழக்கிழமை தட்டுக்குரிய பதினொரு பெண்களும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னாவின் முதல் பந்து ஒரு கட்டையையும் தொடாமல் நேராக ஓரப் பள்ளத்தில் விழுந்தது. தலைகள் சாயத் தொடங்கின.

"முழங்கையை மடக்காதன்னு எத்தனை வருஷமாடி சொல்றேன், கழுதை!" என்று கத்தினாள் மார்லிஸ்.

வெர்னாவுக்கு உடம்பெல்லாம் இனித்தது. மூன்று வாரமாக அவளை யாருமே திட்டவில்லை.

சொன்ன சொல்படி நீல மூடித் தட்டை முதலில் நீட்டினாள். தட்டைக் காலியாகத் திருப்பித் தருவது அங்கே வழக்கமில்லை. மார்லிஸ் ஆவலாக மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு பீட்ரூட்.