அண்ணிக்குக் காட்டிய கற்பூரம்

கலவரத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் எரிந்தது. எல்லோரும் உயிர் தப்பி, இரத்தோட்டைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு வந்தோம். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை, கற்பூரம் ஏற்றியதும் அண்ணியின் பார்வை மாறியது. "பிள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுங்க!" என்று வேறு குரலில் கத்தினார். பிறகு கேட்டால் எதுவுமே ஞாபகமில்லை என்றார்.

அண்ணிக்குச் சாமி வருகிறது என்று முதலில் சொன்னவள் நான்தான். வெள்ளிதோறும் சனம் கூடிக் குறி கேட்டது. சாமி வரத் தாமதித்தால் கற்பூரத்தை அவர் முகத்தருகே கொண்டுபோனவளும் நான்தான். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருநாள் அண்ணி மயங்கி விழ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "இது சாமியுமில்ல, நடிப்புமில்ல. தாங்க முடியாத பயத்துல மனசு இப்படிப் பிரிஞ்சு போயிடும். நெருப்பக் காட்டுறப்பெல்லாம் அவங்க அந்த லயத்துக்கே போயிடுறாங்க" என்றார்.

வாரம் தவறாமல் அண்ணியை அந்த எரியும் லயத்துக்குக் கூட்டிப்போனவள் நான்.

இப்போது எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றுவதில்லை. அண்ணியின் பார்வை மாறினால் கூட்டம் கூட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொள்கிறேன். "அண்ணி, நான் செல்வி. தீ அணைஞ்சிருச்சு" என்கிறேன்.

"பிள்ளைங்கள்லாம் வெளிய வந்திருச்சா?" என்று கேட்பார்.

"வந்திருச்சு அண்ணி. நீங்கதான் இன்னும் வரல. வாங்க."

– செல்வி, இரத்தோட்டை