மிளகாய்ப் பாத்தியில் தொங்கிய சிடி

பஞ்சாலை எனக்கு மகள் முறை. என் பெரியப்பா மகன் மாயாண்டிக்கு மூன்று பெண்கள்; நடுவில் பிறந்தவள் இவள். லிங்கிப் பக்கம் புக்கிட் செராய் ரப்பர் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் ஆத்தாளோடு பால்மரம் சீவப் போனவள். இருபதாவது வயதில் சுங்கை காடுட் ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலில் வந்து நின்றதைப் பார்த்தாள். "நாளைக்கு நான் அந்த பஸ்ல ஏறுறேன்ப்பா" என்று மாயாண்டியிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். அவள் சுபாவமே அதுதான்.

ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம். பழுதான சாமானில் எது பழுது என்று கண்டுபிடிக்கிற வேலை. தொண்ணூற்றெட்டில் ஆட்களை நிறுத்தினார்கள். அங்கே கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், ஊசியால் குத்திக் குத்தி அச்சடிக்கிற பிரிண்டர் ஒன்றையும் தான் குடியிருந்த பாரோய் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தாள். கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸ் என்ற ஒன்றை அங்கிருந்த இஞ்சினியர் சிடியில் போட்டுக் கொடுத்தார். அதற்குள் மளிகைக் கடை போல ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொட்டலமாம். அச்சடிக்க ஒன்று, எழுத்துக்கு ஒன்று. அவள் பேக்கேஜ் என்பாள். கோயில் நோட்டீஸ், வேலைக்கு மனு என்று ஏதாவது வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் தோட்டம் கைமாறியது. லயத்தில் இருந்த நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் மலிவு வீடு என்று பேச்சு. ஆனால் தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளி, பகல் பன்னிரண்டுக்குள் வீட்டு மனுப் பாரம் பூர்த்தியாகி ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். சேராத குடும்பத்துக்கு வீடு இல்லை. கையால் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை திருப்பிவிட்டார்கள். பெயர் புரியவில்லை, அப்பன் பெயர் அடையாளக் கார்டோடு ஒத்துவரவில்லை என்று. இந்தத் தடவை டைப் அடித்துத்தான் வர வேண்டும். ஒரு பாரம் என்பது கார்பனோடு ஒட்டிய மூன்று தாள்; மூன்றாவது முத்திரையோடு குடும்பத்துக்கே திரும்பி வரும். குத்தி அடிக்கிற பிரிண்டரில்தான் மூன்றாவது தாள் வரைக்கும் எழுத்து இறங்கும். புது மாதிரி மை தெளிக்கிற மிஷின் என்றால் மேல் தாளோடு சரி.

சங்கத் தலைவர் சன்னாசி நாற்பத்துநான்கு பாரத்தைப் பஞ்சாலையிடம் கொடுத்தார். உபரி இரண்டே இரண்டு. தோட்டத்தில் எல்லோரையும் தெரிந்தவன் என்பதால் பெயர் சொல்ல நான் போய் உட்கார்ந்தேன். லெட்சுமி என்றே ஐந்து பேர். கோயில் லயத்து லெட்சுமி ஆறுமுகம் கங்காணியின் பேத்தி. கார்டில் அப்பன் பெயர் என்று தாத்தா பெயரைப் போட்டுவிட்டார்கள், பாரத்திலும் அதையே போட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக மூன்று நாள் சொன்னேன். அவள் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினாள்.

புதன் மதியம் முதல் பாரத்தை மாட்டினாள். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. பெயர் விழ வேண்டிய இடத்தில் பேய் கிறுக்கியது போல் கோடும் புள்ளியும். அடுத்ததும் அப்படியே. உபரி இரண்டும் போயிற்று.

"என்னா பஞ்சாலை இது? போன மாசம் கோயில் நோட்டீஸ் கண்ணாடி மாதிரி வந்துச்சேலா!" என்றார் சன்னாசி.

அவள் மறைக்கவில்லை. "தப்பு எம்மேலதாண்ணே. போகியன்னிக்கு வீட்ட ஒதுக்குனேன். புது சிடி ஒண்ணு கெடைச்சிருந்துச்சு. பழசு எதுக்குன்னு இதுக்குள்ளயும் புதுச ஏத்திட்டேன்."

"போகிக்குப் பழைய பாயத் தூக்கிப் போடுவாங்க. நல்லாப் பால் குடுக்குற மரத்த எவளாச்சும் வெட்டிப் போடுவாளா?"

"பேசுங்கண்ணே, கேட்டுக்கறேன்."

"செரம்பான் கடைக்காரன்கிட்ட போன் போட்டுக் கேளு."

"கேட்டுட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடுங்கறான். அழிச்சா சித்தப்பா சொன்ன பேரெல்லாம் போயிரும். எது கெட்டிருக்குன்னு தெரியாம நான் ஒண்ணையும் அழிக்க மாட்டேன். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்திப் பாக்கணும். பதினெட்டு வருஷமா அப்படித்தான் செஞ்சேன்."

பிரிண்டரின் பொத்தானை அமுக்கி அது தானாக அடிப்பதைப் பார்த்தாள். எழுத்து நன்றாக வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வெறும் எழுத்தை நேராக வயர் வழியே அனுப்பினாள், அதுவும் வந்தது. கட்டத்துக்குள் எழுத்தை நிறுத்துகிற அச்சுப் பேக்கேஜ் வழியாக அனுப்பினால் மட்டும் கிறுக்கல்.

"பிரிண்டர் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. நடுவுல உள்ள பேக்கேஜ்தான் சித்தப்பா. புதுசுக்கு இந்தக் கெழட்டு பிரிண்டரோட பேசத் தெரியல. பழசுக்குத் தெரியும்."

"அப்ப பழச எடுத்துப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

அவள் முகம் சுண்டிப் போனது. "பழைய சிடிய முத்தாயி அத்தைகிட்ட குடுத்துட்டேன். மிளகாய்ப் பாத்தியில குருவி வெரட்ட."

சன்னாசி தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் தோட்டத்துக்குப் போனோம். முத்தாயி, மாயாண்டியின் தங்கை. லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டியிருந்தாள். குச்சியின் நுனியில், நடு ஓட்டையில் நூல் கோத்து, சிடி மின்னி மின்னிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏய், அதக் கழட்டாதடி! ரெண்டு வாரமா ஒரு குருவி கிட்ட வரல."

"அத்தை, இது இல்லைன்னா உங்களுக்கு வீடு இல்ல."

"ஏன், குருவியா எனக்கு வீடு குடுக்குது?"

நான் விவரம் சொன்னேன். "மொதல்லயே சொல்றதுக்கு என்னாண்ணே?" என்று அவளே அரிவாளை எடுத்து நூலை அறுத்தாள். ஒரு குருவி வரவில்லை என்றாளே, சிடியின் மேலேயே எச்சம் காய்ந்து கிடந்தது.

பாரோய்க்குத் திரும்பிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தாள். கீறல் நிறைய. கம்ப்யூட்டர் அதைச் சுற்றிப் பார்த்துத் துப்பியது. மறுபடி துடைத்தாள், மறுபடி துப்பியது. நான்காவது தடவை உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

"முழுக்கப் படிக்காது. எனக்கு அந்த ஒண்ணு போதும்" என்று அச்சுப் பேக்கேஜை மட்டும் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் மாட்டேன் என்றது. என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

"இதவிடப் புதுசு ஏற்கெனவே இருக்காம், பழசு எதுக்குன்னு கேக்குது."

"போகியன்னிக்கு நீ கேட்டதத்தான் கேக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பரவால்ல, நான் சொல்றேன், போடு" என்று கட்டாயமாக ஏற்றுகிற கட்டளையைத் தட்டினாள். ஏறியது. மற்ற எதையும் தொடவில்லை. பழைய பேப்பர் ஒன்றை மாட்டி அனுப்பினாள். முத்தாயி, தந்தை பெயர், லயத்து எண், எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் விழுந்தன.

அப்புறம்தான் பாரத்தைத் தொட்டாள். கெட்டால் மாற்று இல்லை. ஒரு பாரம் கெட்டால் ஒரு குடும்பம். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் நேர் பிடித்து மாட்டினாள், முடிந்ததும் மூன்றாவது தாளைத் தூக்கிப் பார்த்தாள். நான் பெயரைச் சரிபார்த்தேன். மதியச் சோற்றை மறந்துவிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாற்பத்திரண்டும் முடிந்தது. "அச்சுப் பேக்கேஜ் பழசு. தொடாதே" என்று ஒரு தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டினாள், தனக்கே எழுதிக்கொண்டதுதான்.

வெள்ளி பதினோரு மணிக்கு ஆபீசில் பாரம் வாங்குகிற கெராணி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கோயில் லயத்து லெட்சுமியின் பாரத்தில் கொஞ்சம் நின்றார், கார்டோடு ஒத்துப் பார்த்தார், தள்ளினார். நாற்பத்திரண்டிலும் முத்திரை விழுந்தது. சன்னாசி பஞ்சாலைக்கு ஒரு போத்தல் குளிர்பானம் வாங்கி வந்து நீட்டினார்.

வெளியே முத்தாயி தன் மூன்றாவது தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"சரிடி, என் சிடி எங்க? நேத்தே ரெண்டு குருவி வந்துருச்சு."

பஞ்சாலை பையிலிருந்து புது சிடியை எடுத்துக் கொடுத்தாள். முத்தாயி அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்லா வேலை செய்யுமாடி?"

"குருவிக்குச் செய்யும் அத்தை."