வெடித்தது என்று சொன்னேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துப்பாக்கி ஆபீஸ் அலமாரிக்குப் பக்கத்து மூலையில் குடைகளோடு குடையாகச் சாய்ந்து நிற்கும். பொகவந்தலாவையில் மழை நாளுக்கும் மழையில்லாத நாளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த மூலையில் எப்போதும் நாலைந்து குடைகள் சொட்டிக்கொண்டிருக்கும், நடுவில் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவசரமாக வெளியே ஓடியவன், குடை என்று நினைத்து அதன் குழலைப் பிடித்து இழுத்துவிட்டேன். பெரிய கிளாக்கர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருடம் சிரித்தார். "மழைக்குத் துப்பாக்கி பிடிக்கப் போன ஆளு" என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டத்தில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். எனக்கு இருபத்து மூன்று வயது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஹட்டனில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, சின்னக் கிளாக்கராக வந்தவன். லயத்துக்காரர்களுக்கு நான் ஐயாவாகிவிட்டேன், குவாட்டர்ஸில் இருக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு இன்னும் லயத்துப் பிள்ளைதான். இரண்டு பக்கமும் மரியாதையாகவே பேசுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் எந்தப் பக்கமும் சொல்லமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும்.

அந்தத் தோட்டத்தில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரே மனிதர் எங்கள் காவல்காரர். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளை இறம்பொடைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, புது மலைக்கு மேலே ஒரு தகரக் குடிசையில் தனியாக இருந்தார். புது மலை என்றால் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு இளங்கன்று நட்ட சரிவு. அந்த இளகின மண் காட்டுப் பன்றிக்குக் கொண்டாட்டம், விடிவதற்குள் வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டுவிடும். தினமும் நாலு மணிக்கு ஆபீசுக்கு வந்து, மூலையிலிருந்து துப்பாக்கியையும் என் கையிலிருந்து இரண்டு தோட்டாவையும் வாங்கிக்கொண்டு மலையேறுவார். காலையில் கொண்டுவந்து ஒப்படைப்பார். குடைக்கம்பியில் எண்ணெய்த் துணியைச் சுற்றி அவர் அந்தக் குழலைத் துடைப்பதைப் பார்த்தால், பிள்ளைக்குக் காது துடைத்துவிடுவதுபோல் இருக்கும். பன்றி விழுந்தால் மறுநாள் எல்லா லயத்திலும் கறி மணக்கும். ஈரல் மட்டும் பழைய பேப்பரில் சுற்றி எனக்கு வரும். நான் அதை வறுத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை, தனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு தோட்டா செலவானால் அதற்குப் பதில் ஒரு பன்றி வால் வந்தாக வேண்டும். வாலைப் பார்த்துச் சரி என்று தலையாட்டும் பொறுப்பு என்னுடையது. படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அதுதான். அந்த வருடம் பனி அதிகம். மூன்று வெடி வீணாகி, ஒரு வாலும் வரவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தபோது, துரை அவரை முன்னால் கூப்பிட்டார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே வரும். "இந்த வாரம் வால் கொண்டு வா. இல்லே, குடிசை காலி பண்ணு" என்றார். பெண்கள் சிலர் சிரித்தார்கள். காவல்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி இருக்கும். பனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. புது மலை ஓரத்து மானாப்புல் அசைந்தது, அவர் சுட்டார். புல்லுக்குள் விறகுக் கட்டைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தவன் மூன்றாம் லயத்து இளைஞன், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். காவல்காரரே அவனை முதுகில் போட்டுக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடிவந்தார். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அது தெரியாமல் கடைசிவரை அவனோடு பேசிக்கொண்டே வந்தாராம்.

மறுநாள் காலை யாரும் மலைக்குப் போகவில்லை. பெரட்டுக் களத்தில் தொழிற்சங்கத் தலைவர் முன்னால் வந்து நின்று, துப்பாக்கி தோட்டத்தை விட்டுப் போனால்தான் வேலை என்றார். மலை வேலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஐயா பதில் பேசினார். "துப்பாக்கி என்னய்யா செய்யும்? மூலையில வச்சா வருசக்கணக்கா சும்மா நிக்கும். கை பதறுனது ஆளோட குத்தம். அதோட, வெறகு பொறுக்கக் கூடாதுன்னு சொன்ன எடத்துக்கு அவன் ஏன் போனான்?" தலைவர் விடவில்லை. "கை எல்லாருக்கும்தாங்க பதறுது. கவ்வாத்துக் கத்தியால செடி வெட்டறவன் கை பதறுனா அவன் வெரலு போகும். இவரு கை பதறுனா அடுத்தவன் உசுரு போகுது. ஓட்டுரிமையத்தான் புடுங்கிட்டாங்க, உசுரையுமா?" செத்தவனின் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த குரலில், "சுட்டவரே அவரு வாயால சொல்லட்டும், என்ன நடந்துச்சுன்னு. அந்தத் துப்பாக்கி இனிமே இங்க வேணாம். வேற ஒண்ணும் நாங் கேக்கல" என்றாள். பகலில் மரண விசாரணை ஐயா வருகிறார், துப்பாக்கி போகணும் என்று அவர் சொன்னால் போய்விடும் என்று கண்டாக்கு ஐயா வாக்குக் கொடுத்தார். அதோடு கூட்டம் அடங்கியது.

இந்த வயதில் பேப்பரைப் பிரித்தால் ஏதாவதொரு தேசத்தில் யாரோ யாரையோ சுட்டிருக்கிறார்கள். துப்பாக்கி கிடைப்பதால்தான் என்று ஒரு கட்சி, மனிதன் கெட்டதால்தான் என்று இன்னொரு கட்சி. எனக்கு அது தலைவரும் கண்டாக்கு ஐயாவும் பேசுவதுபோலவே கேட்கிறது. கேட்டால் நான் தலைவர் கட்சிதான் என்பேன். ஆனால் அன்று அந்தக் களத்தில் வால் கேட்டது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே களத்தில் மூன்று நாளைக்கு முன்னால் எல்லாரும் காதால் கேட்டிருந்தார்கள், நானும்தான்.

விசாரணை ஆபீசிலேயே நடந்தது. வந்த அதிகாரியும் பொலிஸ் சார்ஜனும் கீழ்நாட்டுச் சிங்களவர்கள், இருவருக்கும் தமிழ் தெரியாது. விசாரணை ஆங்கிலத்தில். மொழிபெயர்க்க வேண்டிய பெரிய கிளாக்கருக்கு அன்று காலைதான் திடீரென்று காய்ச்சல் வந்திருந்தது. கண்டாக்கு ஐயா என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "பாத்துச் சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்தையில ஒரு மனுசன் ஜெயிலுக்குப் போயிருவான்" என்றார். பொய்யும் இல்லை. சன்னலுக்கு வெளியே லயத்து ஜனம் முழுவதும் மழையில் நின்றது. துரை தன் நாற்காலியில் இருந்தார், கண்டாக்கு ஐயா அவர் பக்கத்தில் நின்றார்.

காவல்காரர் ஆறு வாக்கியம் சொன்னார். "நாந்தான்யா சுட்டேன். புல்லு ஆடுச்சு. பன்னியா ஆளான்னு நான் பாக்கல. வாலு கொண்டாரலைன்னா குடிசைய விட்டுப் போகணும்னு சொன்னாங்க, அந்தப் பயத்துல பாக்காமலே சுட்டுட்டேன். இனிமே எங்கையில அதக் குடுக்காதீங்க. யாரு கையிலயும் குடுக்காதீங்க." சத்தமாகவே சொன்னார். வெளியே எல்லாருக்கும் கேட்டது.

நான் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சொன்னேன். பனி கடுமையாக இருந்தது. புல் அசைந்தது. தூக்கும்போது துப்பாக்கி வெடித்துவிட்டது. இவர் மிகவும் வருந்துகிறார். அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். நான் சொன்னதையும் அவர் சொன்னதையும் இரண்டையும் புரிந்துகொண்ட துரை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

தமிழிலும் அப்படிச் சொல்ல வழியிருக்கிறது. கண்ணாடி உடைஞ்சிருச்சு, பாலு பொங்கிருச்சு என்று யார் கையும் படாமல் நாம் சொல்லிவிடுவோம். வெடிச்சிருச்சு என்று அவரும் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அவர் போகாத வழியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். துரையின் முகத்துக்கு எதிரே அந்த வால் பேச்சை மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. இதில் எது முந்தி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தோளில் விழுந்த அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விபத்து மரணம் என்று தீர்ப்பானது. காவல்காரரைப் போகச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டியபடி, விலங்குக்குக் காத்திருப்பவர்போல் சார்ஜன் முன்னாலேயே நின்றார். வெளியே அந்தப் பெண் யாரிடமென்றில்லாமல் கேட்டாள்: "சுட்டேன்னு சொன்னாரே. எல்லாருக்கும் கேட்டுச்சே. கேட்டுட்டுமா ஒண்ணுமில்லேங்கிறாங்க?" துரை, கண்டாக்கு ஐயா, நான் என்று பதில் தெரிந்த மூன்று பேரும் உள்ளே இருந்தோம்.

தானாக வெடித்தது என்று நான் சொன்னதால், விசையில் கோளாறா என்று பார்க்கும்படி அதிகாரி எழுதியிருந்தார். துப்பாக்கி கண்டிக்குப் போனது. ஒரு கோளாறும் இல்லை என்ற சீட்டோடு, எண்ணெய் போட்டு, மரத்துக்கு மெருகேற்றி, புதுசுபோலத் திரும்பி வந்தது. துப்பாக்கி போகணும் என்று அதிகாரி எங்கும் எழுதாததால், கண்டாக்கு ஐயாவின் வாக்கைக் காட்டிச் சங்கம் கேட்கவும் வழியில்லை. தோட்டத்தில் யாருக்கும் அவ்வளவு நல்ல வைத்தியம் நடந்து நான் பார்த்ததில்லை. துரை காவல்காரரைக் கூப்பிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்று அவர் கையிலேயே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதைத்தான் ஏற்கனவே எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டதே. வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. நாலு மணிக்கு வாங்கிப்போன இரண்டு தோட்டாவும் காலையில் அப்படியே திரும்பி வரும். பன்றியை விரட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துத் தட்டுவார். மாலையில் பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் ஆபீஸ்வரை கேட்கும். கறி இல்லாததால் குடிசைப் பக்கம் போக யாருக்கும் காரணமில்லை, காரணம் இருந்தாலும் போயிருக்கமாட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு அவர் வந்தால் பெண்கள் பாதிக் குடத்தோடு எழுந்துவிடுவார்கள். கவ்வாத்து வேலைக்கு மாற்றும்படி இரண்டு தடவை மனு எழுதச் சொன்னார், எழுதினேன். ஒரு தடவை தப்புச் செய்தவன்தான் இனி ஜாக்கிரதையாக இருப்பான் என்று துரை மறுத்துவிட்டார். என் வீட்டுக்கும் அவர் வருவதை நிறுத்தினார். வரச்சொல்லி நானும் கேட்கவில்லை. நாலு மணிக்கு முன்பே தோட்டாவை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, ஏதோ எழுதுகிறவன்போல் குனிந்துகொள்வேன். அவர் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் நிமிர்வேன். எனக்கு அவர்தான் இருந்தார். அவரையும் நானே இல்லாமல் செய்துகொண்டேன்.

ஒரு நாள் பத்து மணிக்கு வந்தார். எல்லாரும் மலையில், ஆபீசில் நான் மட்டும். கையில் ஒரு துணிமூட்டை. மகளோடு இருக்க இறம்பொடைக்குப் போவதாகச் சொன்னார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னையா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு நாஞ் சொன்னத அவங்ககிட்ட அப்படியே சொன்னீங்களா?"

அவர் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி கேட்கிற மனிதரின் முகம்தான் அது. இரண்டு வருடமாக மலையில் தனியாக உட்கார்ந்து அவர் யோசித்தது இதைத்தான் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை என்ற ஒரே சொல் போதும்.

"ஆமாண்ணே. அப்படியேதான் சொன்னேன்" என்றேன்.

நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். "நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. படிச்சவரு. அப்ப, கேட்டுட்டுத்தான் ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. நம்ம உசுரு அவங்களுக்கு அவ்வளவுதான்." மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "செத்தவன் பொஞ்சாதி, அந்தப் புள்ள, இன்னமும் போற வர்றவங்ககிட்டெல்லாம் அதையே கேட்டுக்கிட்டு இருக்குதாம். போற வழியில அதுகிட்டயும் சொல்லிட்டுப் போறேன். கேட்டாங்க, கேட்டுட்டுத்தான் விட்டாங்கன்னு. இனியாவது கேக்கறத விடட்டும்."

வாசலைத் தாண்டி மூன்றாம் லயத்துக்குப் போகும் பாதையில் இறங்கினார். அன்று பனி இல்லை. கீழே லயம்வரை பாதை முழுவதும் தெரிந்தது. மெதுவாகத்தான் போனார், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தார். நான் சன்னலில் நின்று பார்த்தேன். அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், பிறகு தலையை ஆட்டினாள்.