துப்பாக்கிக்கு வைத்த சந்தனப் பொட்டு

எலிப்பொறியில் அகப்பட்ட எலியைக்கூட ஆற்றங்கரை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மனிதர் என் கணவர். அவர் பெயரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கரமனையில் எங்கள் தெருவுக்கே அது ஒரு வேடிக்கை. "எதுக்கு வெச்சுண்டிருக்கேள்? வெண்டைக்காயைச் சுடறதுக்கா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்பார். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மகாராஜா காலத்தில் வனத்துறையில் வேலை பார்த்த அவருடைய தாத்தா, காட்டில் யானையை விரட்டுவதற்காக வாங்கியது அது. எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அது ஒரு காக்கையைக்கூட பயமுறுத்தியதில்லை.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பழைய பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி, ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுபோவார். அங்கே பிரித்தால் சந்தனம் மணக்கும். "சாமிமாருடெ தோக்கு வந்நு", சாமிகளோட துப்பாக்கி வந்தாச்சு, என்று போலீஸ்காரர்கள் சிரிப்பார்களாம். அந்தச் சந்தனம் நான் வைத்தது.

கல்யாணமான வருஷமே அதை ஆரம்பித்தேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு அரிவாள்மணை, கத்தரிக்கோல், அவருடைய கணக்குப் பேனா எல்லாம் வைக்கிறபோது, ஆயுதம் என்றால் இதுதானே முதல் ஆயுதம் என்று துப்பாக்கியையும் எடுத்து வைக்கச் சொன்னேன். குழலின்மேல் மூன்று இடத்தில் கையால் அரைத்த சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். விஜயதசமியன்று எடுத்து உள்ளே வைக்கும்போது, "துடைச்சுட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அம்பாளுக்கு முன்னால வெச்ச சந்தனமாக்கும். தானா உதிரணும். தொடப்படாது."

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்கிற வயது. அவர் மறுபேச்சுப் பேசாமல் ஈரம் முழுக்கக் காயாத சந்தனத்தோடு பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அடுத்த வருஷம் பழைய தடம் தெரிந்த அதே மூன்று இடத்தில் வைத்தேன். அப்படியே முப்பத்தைந்து வருஷம்.

அந்தத் துப்பாக்கியை வைத்து அவருக்கு ஒரு ஆசை இருந்தது. "நன்னாக்கி, ஒரே ஒரு தடவை ஆகாசத்தைப் பார்த்துச் சுடணும்டீ" என்று புதிதில் சொல்லியிருக்கிறார். அதன் குதிரை இரண்டில் ஒன்று இறுகிப்போய் அசையாது. எப்போது சரிபண்ணப் போகிறீர்கள் என்று கேட்டால், "ரிட்டையர் ஆகட்டும்" என்பார். நானும் விடாமல் கேட்பேன். எனக்கு நாக்கு நீளம். ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைக் கணக்குகளையெல்லாம் சரிபார்த்துக் கொடுக்கிற மனிதருக்கு வீட்டுக் காரியம் என்றால் கை வராது என்று, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ரிட்டையர் ஆனபிறகு அதையும் சொல்ல முடியாமல், "பூஜை கழியட்டும்" என்றார். "உங்களுக்கு வாய் மட்டுந்தான்" என்றேன். பூஜை கழிந்த பத்தாம் நாள், காலையில் காப்பி கலந்துகொண்டு வந்து பார்த்தால், நாற்காலியில் பேப்பர் மடியில் கிடக்க அவர் போய்விட்டிருந்தார்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்சை என் பெயருக்கு மாற்றுவதா, சர்க்காருக்கே விட்டுக்கொடுப்பதா என்று எழுதித் தரச் சொன்னார்கள். விட்டுக்கொடுத்தால் உடைத்துவிடுவார்கள். "அது வெறும் ஆக்ரி அம்மா, பழைய இரும்பு, கொடுத்துடு" என்றான் பெங்களூரில் இருக்கிற பிள்ளை. அவனுக்குத் தமிழில் சொல்லிப் புரியாததை மலையாளத்திலும் சொல்லிப் பார்த்தேன். அவர் செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் போன காரியம் இது ஒன்றுதான். இதை நான் முடித்துவைக்க வேண்டும். என்ன செலவானாலும் சரி, நன்றாக்கி, யாரையாவது கொண்டு ஆகாசத்தைப் பார்த்து ஒரு தடவை சுட வைக்க வேண்டும். அழுது ஓய்ந்த எட்டு மாதத்தில் எனக்கு உருப்படியாகத் தோன்றியது இது ஒன்றுதான்.

பழுதுபார்க்கக் கொண்டுபோகலாம் என்று ஸ்டேஷனில் கடிதமும் துப்பாக்கியும் வாங்கிக்கொண்டு, தம்பானூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருக்கிற துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர், நரைத்த மீசைக்காரர். பட்டைப் பிரித்ததும் மேலே இருந்த பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷத்துச் சந்தனம். காய்ந்து வெடித்திருந்தது.

"துடைச்சுப் பாக்கட்டா அம்மா?" என்றார்.

தொடக்கூடாது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். எண்ணெய்த் துணியால் துடைத்தார். சந்தனம் இருந்த மூன்று இடத்திலும் இரும்பு குழிந்து, அரித்து, கறுத்துக் கிடந்தது. என் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். என் விரல் நுனி அளவுக்குத்தான் ஒவ்வொரு குழியும் இருந்தது.

"ஈரத்தோட மூடி வெச்சு மூடி வெச்சு தின்னு போச்சு. இந்த எடத்தில குழலுக்குக் கனமே இல்ல. தோட்டா போட்டா பொளந்துரும், கையும் போயிரும். இதைச் சரியாக்க ஒக்காது." கொஞ்சம் தயங்கினார். "நான் அண்ணைக்கே சாமிகிட்ட சொன்னேனே."

எனக்குப் புரியவில்லை. "என்னிக்கு?"

"ஆச்சு, பத்துப் பதினோரு வருஷம். நன்னாக்கணும்னு கொண்டுவந்தாரு. இனிமேலாவது சந்தனம் வைக்காதீங்கன்னு சொன்னேன். 'வேண்டாம்னா ஏன்னு கேப்பா. சொன்னா அழுவா. போனது போச்சு, வெச்சுக்கட்டும்'னாரு."

கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருஷமாக, குழலை எனக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். நான் கேலி பண்ணும்போதெல்லாம் சிரித்த மனிதர். ரிட்டையர் ஆகட்டும், ரிட்டையர் ஆகட்டும் என்று எனக்காக நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறார். அவர் ஆசையை என் கையாலேயே வருஷா வருஷம் பொட்டு வைத்துக் கெடுத்திருக்கிறேன். போதாததற்கு வாய் மட்டுந்தான் என்று வேறு சொன்னேன். அவரிடம் நான் கடைசியாகப் போட்ட சண்டை அதுதான்.

கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் கலங்கித்தான் இருந்தார்.

"போன ஓணம் கழிஞ்சும் வந்தாரு அம்மா. தோக்கைக் கொண்டுவரல்ல. 'வெளியே மட்டும் குழியை அடைச்சு மினுக்கித் தர முடியுமா? குதிரை அசைஞ்சா போதும். நன்னாயிடுத்துன்னு அவகிட்ட காட்டணும், அவளுக்குப் பதில் சொல்லி மாளல்லை'ன்னாரு. வெடிக்காது, பாக்க நல்லாயிருக்கும்னேன். பூஜை கழிஞ்சு கொண்டுவாங்கன்னேன். பிறகு ஆளைக் காணல்லை."

வெளியே ஆட்டோக்காரர்கள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் துப்பாக்கியைத் திரும்பப் பட்டில் சுற்ற ஆரம்பித்தார்.

"இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் அம்மா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருங்க" என்றார்.

"லைசென்சை என் பேருக்கு மாத்தக் குடுத்துடறேன்" என்றேன். "அவர் கேட்டாரே, அந்த மாதிரியே பண்ணிக் குடுங்கோ. குழியை அடைச்சுடுங்கோ, குதிரை அசையட்டும்."

"வெடிக்காதே அம்மா."

"தெரியும். நான் எடுக்க வரச்சே அதைச் சொல்லாதீங்கோ. நன்னாயிடுத்துன்னு மட்டும் சொல்லுங்கோ."