சின்னம்மாவின் கருவாட்டு வேடம்

எனக்குத் தெரிந்து என் சின்னம்மா வாழ்க்கையில் ஒரேயொரு பொய்தான் சொல்லியிருக்கிறார். அதையும் ஆங்கிலத்தில், நாற்பது பேர் முன்னிலையில், உடம்பெல்லாம் கருவாடு தொங்கச் சொன்னார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மன்னாரிலிருந்து வந்து ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் எங்களோடு தங்கியிருந்தார். பகலில் மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் கூடும் பாடகர் குழுவுக்குப் போவார். ஆங்கிலம் பழகட்டும் என்று அம்மா பிடித்துச் சேர்த்துவிட்ட குழு அது. ஊரில் மாதா கோயில் திருவிழாப் பூசையில் தனித்துப் பாடியவர், இங்கே எட்டு மாதமாகக் கடைசி வரிசையில், இரண்டு நெடிய ஆண்களுக்குப் பின்னால் நின்றார். டிசம்பரில் கிறிஸ்து பிறப்புக்கு நடக்கும் நத்தார்க் கச்சேரியில் தனியாகப் பாட விரும்புகிறவர்கள் குழுத் தலைவியிடம் போய்த் தாங்களே கேட்பார்கள். சின்னம்மாவுக்கு அப்படிக் கேட்க நா எழாது. "நான் பாடுறத அந்த மனுசி ஒருக்காத் தனியக் கேட்டாவெண்டால் காணும் அக்கா" என்று அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிக் கண் கலங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஒக்டோபரில் தலைவி ஹலோவீனுக்கு ஒரு போட்டி அறிவித்தார். ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாட்டாக வேடம் போட்டு வர வேண்டும். அது என்ன பாட்டென்று மற்றவர்கள் மூன்று தடவை ஊகிக்கலாம். ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டால் வேடக்காரருக்குத் தண்டனை உண்டு. மேடையில் ஏறி அந்தப் பாட்டைத் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். இதையெல்லாம் சின்னம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். மொழிபெயர்க்கத்தான் அம்மா என்னையும் கூட அனுப்புவார். சின்னம்மா அந்தத் தண்டனையை மட்டும் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டு போற காலத்தில பேய் வேசமோ?" என்று அம்மா முணுமுணுத்தார். ஹலோவீன் முடிந்த இரண்டாம் நாள், இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் சகல ஆத்துமாக்கள் திருநாள். சின்னம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கராஜில் கிடந்த பழைய பட்மின்டன் வலையை எடுத்து உடம்பில் சுற்றிப் பார்த்தார். தமிழ்க் கடையில் வாங்கிய கருவாட்டை ஊசிநூலால் அதில் ஒவ்வொன்றாகத் தைத்தார். அவர் தேர்ந்தது, ஊரில் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டாம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வலையை இழுத்தபடியே பதில் பாடுவார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் யாருக்கு அந்தப் பாட்டுத் தெரியும், எல்லோரும் அறிந்த ஒன்றைப் போடுங்கள் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கெஞ்சினேன்.

"உனக்கு விளங்காது பிள்ளை, ஊசிய எடு" என்றார்.

ஒக்டோபர் கடைசியென்றால் ஆக்லாந்தில் வசந்தகாலம். மாலை ஏழு மணிக்கும் மண்டபத்துக்குள் வெயில் விழுந்தது. பேய்கள் உலாவத் தோதான வெளிச்சமில்லை. ஒருவர் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு நிலவாக வந்தார். ஒரு பெண் குடை விளிம்பில் காகிதத் துளிகளைக் கட்டி மழையாக வந்தார். அவர்களின் பாட்டுகளை மற்றவர்கள் உடனே சொல்லிவிட்டார்கள். சின்னம்மா மேடையடிக்கு வந்ததும் முன்வரிசையில் இரண்டு கதிரைகள் மெல்லப் பின்னே நகர்ந்தன. கருவாட்டு வாடை அப்படி.

கடற்கன்னிப் பாட்டா என்று ஒருவர் கேட்டார். சின்னம்மா தலையாட்டி மறுத்தார். மீன்கடை விளம்பரப் பாட்டா என்று இன்னொருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் சூனியக்காரித் தொப்பியோடு இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் காதில் விடையை ஓதிவிட்டேன். அவர் துள்ளி எழுந்து, "மீனவர்கள் வலை இழுக்கிற பாட்டு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். சின்னம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

சின்னம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவியை நேருக்கு நேர் பார்த்து, "நோ" என்றார். அந்த மண்டபத்தில் அதுவரை அவர் பேசியதில் மிகத் தெளிவான ஆங்கிலம் அதுதான். முந்தின சனிக்கிழமைதான் கோயிலில் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தார்!

தலைவி சிரித்துக்கொண்டே மேடையைக் காட்டினார். சின்னம்மா ஏறினார். எங்கள் சமையலறையில் முனகிக் கேட்ட குரல் இல்லை அது. காற்றையும் அலையையும் தாண்டிக் கரை முழுக்கக் கேட்க வேண்டுமென்று பழகிய குரல். ஓர் அடி பாடிவிட்டு, கயிறு இழுப்பதுபோல் இரண்டு கைகளாலும் காட்டி, பதிலைச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் அடியில் நிலவும் மழையும் மற்றெல்லாரும் இல்லாத வலையை இழுத்துக்கொண்டு பதில் பாடினார்கள். கதிரையைப் பின்னே நகர்த்தியவர்களும் எழுந்து நின்றார்கள். ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எல்லாரையும்விடப் பலமாக இழுத்தார். இன்று நினைத்தாலும் சின்னம்மாவின் துணிச்சலைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பரிசு நிலவுக்குப் போனது. தலைவி சின்னம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நத்தார்க் கச்சேரியைப் பற்றி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க ஓடினேன், நான் போய்ச் சேருமுன்னே சின்னம்மா "யெஸ்" சொல்லிவிட்டார்.

எனக்கோ பரிசாக வைத்திருந்த சாக்லேட் பெட்டி போய்விட்ட வருத்தம். சின்னம்மா விதியைப் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார் என்று முடிவுகட்டினேன். வீட்டுக்கு நடக்கும்போது முதலிலிருந்து, பொறுமையாக, தமிழிலேயே விளக்கினேன். யாராவது சரியாகச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பாடாமல் தப்பலாம் என்றேன்.

சின்னம்மா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். "ஓம் பிள்ளை" என்றார் கடைசியில். குரல் கரகரத்திருந்தது, கண்ணும் ஈரமாக இருந்தது. தனியாகப் பாட வைத்துவிட்டார்களே என்ற வெட்கத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பயப்படாதீர்கள், அடுத்த வருடம் இப்படி நடக்க நான் விடமாட்டேன் என்று தைரியம் சொன்னேன்.