உதிர்ந்துபோன பதினாறு பக்கங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை. உத்திரமேரூரில், பூட்டிக் கிடந்த நூலகத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அங்கே ஏன் உட்கார்ந்திருந்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எதையும் வரிசை எண் போட்டு எழுதுவது என் பழக்கம். அப்படி எண்ணிப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்கள் மூன்று.

மானாம்பதிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எலெக்ட்ரானிக்ஸ் பி.இ. நான் தேறியபோது தெரு முனையில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் விண்ணப்பம் போட்டேன். எங்கே, எந்தத் தேதியில், என்ன பதில் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். பதில் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அறுபத்தொன்றாவது எண்ணோடு நோட்டை மூடினேன்.

எங்கள் பக்கத்தில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். ஒரகடம் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் லைனில் நிற்க ஆப்பரேட்டர்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு பிளஸ் டூ போதும். பி.இ. என்றால் எடுக்க மாட்டார்கள், சீக்கிரம் ஓடிவிடுவார்களாம். அதனால் பட்டத்தைப் பீரோவில் வைத்துவிட்டு பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் கொண்டு போவோம். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நடுவில் நாலைந்து வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். இதற்கு மேல் படிக்கவில்லை என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அது முதல் பொய்.

வீட்டில், இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அப்பா அதை டீக்கடையில் சொன்னார், டீக்கடை ஊருக்குச் சொன்னது. அது இரண்டாவது பொய்.

எட்டு மாதம் வேலை பார்த்தேன். சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்து, எந்த இடத்தில் சால்டர் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பார்க்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து ஊர், இரண்டு பிள்ளைகளின் தாய். பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், இல்லையென்றால் போன் பார்ப்பார்கள். இவர் மட்டும் திரும்பி வரும்போது நூலகப் புத்தகம் படித்துக்கொண்டு வருவார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாளாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இறந்துவிட்டாள். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

எட்டாவது மாதம், அதே தொழிற்சாலையில் என் கல்லூரித் தோழி ஒருத்தி பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தாள். கேன்டீனில் என்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்காமல் ஓடி வந்தாள். எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள் என்று பக்கத்திலிருந்த சூப்பர்வைசரிடம் என்னை அறிமுகப்படுத்தினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பதற்காக வேலையை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லி, இரண்டாவது பொய்யையே இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அதன் பிறகு நான் எதற்கும் படிக்கவில்லை. காலையில் எழுந்ததும் மறுபடி எப்போது படுக்கலாம் என்று பார்ப்பேன். தலை வாருவது ஒரு பெரிய வேலையாக இருந்தது. குழாயடிக்குப் போனால் பக்கத்து வீட்டு அம்மா, இன்ஜினியரம்மாவுக்கு இன்னிக்கி டூட்டி லீவா என்று கேட்பார். என் பேனரை அப்பா விறகு நனையாமல் மூடப் போட்டிருந்தார். தலைகீழாக, பட்டமளிப்பு உடையில், நான் மழையில் சிரித்துக்கொண்டிருப்பேன். தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

வேலை போன ஒரு வாரத்தில் அக்கா போன் செய்தார்.

"நீ வூட்ல சும்மா தானே கீற. இப்பல்லாம் புள்ளைங்கள வுட்டுட்டு லைப்ரரிக்குப் போவ முடியல. என் கார்டுல பொஸ்தகம் மாத்திக்கினு வந்து குடுடீ. எதுனா பரவால்ல, சாவு மட்டும் வாணாம்."

மறுக்கக்கூடத் தெம்பில்லாததால் ஒத்துக்கொண்டேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை உத்திரமேரூர் போய்ப் புத்தகம் மாற்றுவேன். முதல் ஷிப்ட் முடிந்து வரும் பஸ் பிற்பகல் மூன்றரை மணிக்கு, சாலைகள் பிரியும் எங்கள் கூட்ரோட்டில் நிற்கும்போது அக்கா கையில் கொடுப்பேன். போர்டு சோதித்த மாதிரியே புத்தகத்தையும் சோதித்தேன். நோட்டில் கட்டம் போட்டேன்: பெயர், பக்கம், பஸ் குலுக்கலில் படிக்கும் அளவுக்கு எழுத்துப் பெரிதா, யாராவது சாகிறார்களா. முதலில் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். நடுவிலேயே சாகிறார்கள் என்று தெரிந்த பிறகு எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டியதாயிற்று. நாவல் அலமாரியில் பாதிக்கு மேல் யாராவது செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் படித்தேன் என்று சொல்ல முடியாது. சாவு இருக்கும் இடத்தைத் தேடினேன், அவ்வளவுதான். ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. கடைசி முறை சோதிக்கவே இல்லை. அலமாரியில் கைக்கு வந்த ஒரு பழைய நாவலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இனி இருக்க வேண்டாம் என்பது அந்த முடிவு. அழுகையெல்லாம் வரவில்லை. விண்ணப்ப நோட்டை மூடிய மாதிரி, இதையும் மூடிவிடலாம் என்று தோன்றியது.

நான் முதலில் சொன்ன வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்கா, புத்தகத்தை என் கையில் திணித்தார். முகமே சரியில்லை.

"கடைசில பக்கமே இல்லடீ. அந்தப் பொண்ணு ஏரிக்கர மேல ஏறிப் போறா, அத்தோட நின்னு பூட்ச்சி. செத்தாளா, இருக்காளா?"

தெரியவில்லை அக்கா, நான் பார்க்கவில்லை என்றேன்.

"பாக்காமயா குட்த்த? காலைலேர்ந்து எனக்கு லைன்ல கை ஓடல. நாலு போர்டு திரும்பி வந்துச்சி. இன்னோரு காப்பி கீதானு கேட்டு சொல்லு."

அன்று மாலை என் கடைசிப் பட்டியலை எழுதினேன். ஒன்று, சான்றிதழ்க் கோப்பை அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது. இரண்டு, போன் லாக்கை எடுத்துவிடுவது. மூன்று, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று கேன்டீன் தோழிக்கு ஒரு செய்தி. நான்கு, நூலகப் புத்தகம். முதல் மூன்றும் அன்றைக்கே முடிந்தன. அக்கா கார்டில் என்னால் ஒரு புத்தகம் பாக்கி நிற்கக் கூடாது என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. மூன்று மாதமாகப் போய் வந்தவளுக்கு அது மறந்துபோயிருந்தது. அந்த நிலையில் எனக்குக் கிழமையே தெரியவில்லை. மழை வலுத்ததால் உடனே திரும்பவும் முடியவில்லை. படியில் உட்கார்ந்தேன். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் புத்தகத்தைப் பிரித்தேன்.

வேலை தேடி ஊரை விட்டு வந்து, ஒரு அச்சகத்தில் தாள் மடிக்கும் பெண்ணின் கதை அது. ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம், அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர், அப்படிப் பல ஃபாரங்களைத் தைத்தால் ஒரு புத்தகம் என்று அவளுக்கு ஒருத்தி சொல்கிறாள். பிறகு அச்சகத்தை மூடுகிறார்கள். வேலை இல்லாத ஒருத்திக்குப் பகல் எவ்வளவு நீளம் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் என்ன பதில் சொன்னாள், யார் வந்தால் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டாள் என்றெல்லாம் இருந்தது. என் நோட்டில் நான் எழுதத் துணியாத பட்டியல் அது. அவளுக்கு அந்தக் கதையில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மாதக்கணக்கில் முதல் முறையாக, என்னைப் போல ஒருத்தி இருந்தாள். கட்டம் போடாமல், சாவைத் தேடாமல், அவள் அடுத்து என்ன செய்வாள் என்று படித்தேன்.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவள் ஏரிக்கரைமேல் ஏறுகிறாள். அதோடு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முடிகிறது. அதற்குப் பிறகு தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷத்தில் புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டினேன். விலை, பதிப்பு எல்லாம் போட்டிருக்கும் இடத்தில், பக்கங்கள் 228 என்று இருந்தது. கழித்தேன். பதினாறு. சரியாக ஒரு ஃபாரம் உதிர்ந்து போயிருக்கிறது.

ஏரிக்கரையில் முடிந்துபோகிறவளுக்கு இன்னும் பதினாறு பக்கம் எதற்கு? ஒருத்தி சாவதற்கு ஒரு பக்கம் போதும். அப்படியென்றால் அவள் இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு, எதையும் இரண்டு தடவை சோதிக்கும் என் புத்தி வேறு ஒன்றைச் சொன்னது. அவள் செத்தும் இருக்கலாம். மிச்சப் பக்கங்கள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியுடையதாக இருக்கலாம்.

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. தங்கை போன நாளிலிருந்து இந்த அக்கா அந்தப் பதினாறு பக்கங்களில்தான் இருக்கிறார் என்று தோன்றியது. ஒரு கதையில்கூட சாவு வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சுகிறார். நான் என் அம்மாவுக்கு விட்டுப்போக இருந்ததும் அதே பக்கங்களைத்தான். மழையில் தெருவில் யாரும் இல்லை. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். பசித்தது. பசி என்று ஒன்று தெரிந்தே பல நாளாகியிருந்தது.

மூன்றரை மணிக்குக் கூட்ரோட்டில் நின்றேன். அக்கா இறங்கியதும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னா, கெட்ச்சுதா?"

"கெடச்சுதுக்கா. அவ சாகல."

"நீ பாத்தியா? கண்ணால?"

"பாத்தேன். அதுக்கப்பறம் இன்னும் பதினாறு பக்கம் கீது."

"அத்தினி பக்கம் இன்னா பண்றா?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அடிப்பாவி, பொயச்சிக்கினு அதத்தான் பண்றாளா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, வூட்டுக்குப் போய் சாப்புடு என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் சாகவில்லை என்றேனே, அது மூன்றாவது பொய்.

சனிக்கிழமை போய்ப் புத்தகத்தைத் திருப்பினேன். இன்னொரு பிரதி அங்கே இல்லை. என் பெயரில் ஒரு கார்டு போட்டுக்கொண்டேன். அன்று மாலையே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பட்டியல் உட்பட. அம்மா என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். பல மாதம் போக வேண்டியிருந்தது. ஒரு புத்தகம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. ஆனால் டாக்டரிடம் போகும் வரை அது என்னைப் பிடித்து வைத்திருந்தது.

அப்பாவிடம் லைன் வேலை பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள், "நானும் அடுத்தவன் நெலத்துல தான் நிக்கறேன். எங்கிட்ட இன்னாத்துக்கு மறைச்ச?" என்றார். இப்போது காஞ்சிபுரத்தில், இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். பி.இ. என்று எழுதித்தான் சேர்ந்தேன். பெரிய வேலை இல்லை. போகும்போது பஸ்ஸில் படிக்கிறேன். எழுந்திருக்கவே முடியாத காலைகள் இன்னும் வருகின்றன.

ஒரு விஷயம் மட்டும் பல வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை என்பது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று நான் எங்கே பார்த்தேன், எப்படிப் பார்த்தேன் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் இரண்டு பொய்களையும் திருத்திவிட்டேன். மூன்றாவதைத் திருத்துவதாக இல்லை, எழுந்திருக்க முடியாத காலைகளிலும் அதை உண்மையாக்கத்தான் எழுந்துகொள்கிறேன்.