பைப்படியில் ஒரு விருந்தாளி

கொட்டாஞ்சேனையின் முப்பத்திரண்டு வீட்டு முடுக்கில் இராமலெட்சுமியோடு சண்டை போடாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் முடுக்கு முனையில் இருக்கும் பிள்ளையார். மற்றவன் அவளுடைய புருஷன் வேலுசாமி. பிள்ளையாருக்கு வாயில்லை. வேலுசாமிக்கு வாய் இருந்தது. ஆனால் பெண்டாட்டியின் குரல் ஒரு படி ஏறினாலே சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு மூட்டை இறக்கக் கிளம்பிவிடுவான். அங்கே சத்தம் குறைவு என்பான்.

அத்தனை வீட்டுக்கும் ஒரே ஒரு பைப். விடியற்காலை ஐந்து மணிக்கு இருமிக்கொண்டு வருகிற தண்ணீர் ஏழரைக்கு நின்றுவிடும். அந்த இரண்டரை மணி நேரமும் இராமலெட்சுமியின் ஆட்சிதான். வாளியை வரிசையில் வைத்துவிட்டால் ஆள் நிற்கிற மாதிரி, அதை ஒருவரும் தொடக்கூடாது. பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு, வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி, இந்த மூன்று பேருக்கு மட்டும் வரிசை கிடையாது. நேரே முன்னுக்குப் போய்ப் பிடிக்கலாம். இந்தச் சட்டத்தை ஒரு பெரிய கைகலப்புக்குப் பிறகு போட்டவளே இராமலெட்சுமிதான். சட்டம் ஒருநாள் தன் மேலேயே பாயும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் யோகராணிக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். கூரைக்குத் தகரம், மகளுக்குத் தோடு, வேலுசாமியின் முதுகுக்கு வைத்தியம் என்று லீவு தள்ளித் தள்ளிப் போய் ஆறு வருஷமாகிவிட்டது. அந்த ஆறு வருஷமும் அவள் வாயைத் திறந்தது சாப்பிடவும், "சரி மாமா" என்று சொல்லவும்தான். அந்த ஊரில் எசமானியம்மாவை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். மீசையில்லாத மாமா ஒருத்தி நாள் முழுக்கத் திட்ட, பதில் பேசாமல் பாத்திரம் துலக்கித் துலக்கி, ஆறு வருஷத்துச் சண்டை அவள் நெஞ்சுக்குள் அப்படியே சேர்ந்து கிடந்தது. ஊருக்குப் போனதும் பைப்படியில் வைத்து எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில், நாற்பத்தைந்து நாள் லீவில் வந்து இறங்கினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில் நாலு சோதனைச் சாவடியில் வேனை மறித்து, பெட்டியைத் திறந்து சவர்க்காரத்தைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். அதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது.

யோகராணி கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ரோசாப்பூப் போட்ட கோப்பையை எடுத்து, சோசர் வைத்து, பால் டீ கொண்டுவந்து நீட்டினாள். அந்தக் கோப்பை கிராமசேவகர் வந்தால் எடுப்பது. வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் பிளேன்டீ, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டியதுதான்.

"எனக்குக் கருப்பட்டி இல்லையா புள்ள?"

"ஐயோ, அதெல்லாம் உங்களுக்கு ஒத்துக்காதும்மா. நீங்க குடிங்க."

உங்களுக்கு. நீங்க. எட்டு வயதில் "ஏய் அம்மா, இங்க வா" என்று அதட்டிய வாயா இது? சோறாக்கலாம் என்று குசினிக்குள் போனால் உப்புப் போத்தல் இருந்த இடத்தில் மல்லித்தூள் இருந்தது. நெருப்புப்பெட்டியைத் தேடி மூன்று டின்னைத் திறந்தாள். "நீங்க போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்கம்மா" என்று மகள் மரியாதையாகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள். வேலுசாமி புது டவலை மடித்து நீட்டினான். இராமலெட்சுமிக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு முன்னால் வந்துவிட்டதால் அழவில்லை.

சரி, வீடுதான் இப்படி. பைப்படி இருக்கிறதே!

மறுநாள் ஐந்து மணிக்கே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் டங்கென்று வைத்தாள். அத்தனை பெண்களும் திரும்பினார்கள்.

"அடடா, இராமலெட்சுமியக்கா! நீங்க ஏன் கடைசில நிக்கிறீங்க? முன்னுக்கு வாங்க, முன்னுக்கு வாங்க!"

"ஏன், எனக்கு என்னா, கால் இல்லையா?"

"குவைத்துல இருந்து வந்தவங்க. விருந்தாளிக்கு லைன் இல்லதானே. நீங்க போட்ட சட்டம்தானேக்கா."

அவளுக்கு எங்கேயோ எரிந்தது. சண்டை தானாக வராவிட்டால் நாமே இழுத்துவிடுவோம் என்று சுற்றிப் பார்த்தாள். மூன்றாவதாக ஒரு அலுமினியக் குடம் இருந்தது. வயிற்றில் பெரிய ஒடுக்கு. அந்த ஒடுக்கை அவளுக்கு நன்றாகத் தெரியும், போட்டவளே அவள்தான். குடத்துக்காரி சீனியம்மா எதிர்வீடு, இருபது வருஷத்து எதிரி. தொண்ணூற்றொன்றில் இருவரும் கூந்தலைப் பிடித்துச் சுற்றியதை முடுக்கே மதில் மேல் ஏறி நின்று பார்த்தது. இராமலெட்சுமி அந்தக் குடத்தைக் காலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோய் விட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சீனியம்மாவைப் பார்த்தாள்.

சீனியம்மாவின் மூக்கு விடைத்தது. வெற்றிலை வாய் திறந்தது. பிறகு, ஐயோ பாவம், அது சிரித்தது.

"பரவால்லங்க. நீங்க புடிங்க. பழக்கம் விட்டுப் போயிருக்கும், நிக்க ஏலாது."

இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். முன்னுக்குப் போய், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல், நிறைய நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குளிக்கவும் மனம் வரவில்லை. கொண்டுவந்த வாசனைச் சவர்க்காரத்தை வீட்டுக்கொன்றாகக் கொடுத்ததுதான் பிழையோ என்று யோசித்தாள். சவர்க்காரம் வாங்கிய கை எப்படிக் குடுமியைப் பிடிக்கும்? ஒரே ஒருத்தி, ஒரே ஒரு தடவை, "போடி" என்று சொன்னால் போதும் என்றிருந்தது. மூன்று வாரம் போயும் ஒருத்தியும் சொல்லவில்லை.

நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, பைப்படியில் வாளிகள் வரிசையாக இருக்கும்போதே சுற்றிவளைப்பு வந்தது. முடுக்கின் இரண்டு முனையிலும் பொலிஸ். ஆண்கள் அடையாள அட்டையும் கையுமாகச் சுவரோடு நின்றார்கள். வீட்டுக்கு வீடு யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்த பொலிஸ் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேலுசாமி ஓடிப்போய் அதை எடுத்து வந்து, பெண்டாட்டியின் அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் அவள் கையில் கொடுத்தான். சார்ஜன்ட் வாசித்தார். வேலுசாமி, சரி. யோகராணி, சரி. கடைசியில், தற்காலிகமாகத் தங்குவோர் என்ற இடத்தில் ஒரு பெயர்.

"இராமலெட்சுமி. குவைத். விசிட்டர். செப்டெம்பர் இருபத்தெட்டு போறது." கொச்சைத் தமிழில் சத்தமாகவே வாசித்துவிட்டு, சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவ்வளவுதான் விஷயம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் யார் மூடுவது?

"யாரு விசிட்டர்?" இராமலெட்சுமி வரிசையை விட்டு வெளியே வந்தாள். "என்னாய்யா எழுதி வச்சிருக்க? என் வீட்டுல நான் விசிட்டரா?"

"ஏய், சும்மா இரு" என்று வேலுசாமி பல்லைக் கடித்தான். "நாப்பத்தஞ்சு நாளைக்கு வந்தவள வேற எங்க எழுதச் சொல்ற?"

அவள் சார்ஜன்ட் பக்கம் திரும்பினாள். "மே மகே கெதர, மாத்தயா!" இது என் வீடு என்று சிங்களத்தில் கத்தினாள். அதோடு நிறுத்தாமல், ஆறு வருஷப் பழக்கத்தில், நெஞ்சில் கையை வைத்து "வல்லாஹி!" என்று அரபியில் சத்தியமும் செய்தாள்.

சார்ஜன்ட் திரும்பி வந்தார். நெற்றியில் பொட்டு, கையில் குவைத் முத்திரை குத்திய பாஸ்போட், வாயில் அரபிச் சத்தியம். அடையாள அட்டைப் படத்தில் இருந்த மெலிந்த பெண்ணுக்கும் முன்னால் நிற்கிற குண்டுப் பெண்ணுக்கும் ஒற்றுமை தேடிப் பார்த்தார். படிவம் ஒன்று சொல்கிறது, இவள் ஒன்று சொல்கிறாள். "ஸ்டேஷனுக்கு வந்து கதைப்போம். ஜீப்பில ஏறுங்க" என்றார். யோகராணி ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் பெண்ணை யாருக்காவது தெரியுமா என்று சார்ஜன்ட் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லவங்க சேர்! குவைத்து மேடம் சேர்! ரொம்ப மரியாதையானவங்க!" பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். விருந்தாளிக்குச் சொல்கிற அந்த ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் இராமலெட்சுமி ஒரு அடி ஜீப்பின் பக்கம் போனாள்.

"மரியாதையானவளா?"

சீனியம்மாதான். மூன்று வாரமாக அடக்கி வைத்தது வெடித்துவிட்டது. ஒடுக்கு விழுந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சார்ஜன்டின் மூக்குக்கு நேரே பிடித்தாள். பாதி சிங்களம், பாதி தமிழ்.

"யாரு சேர் விசிட்டர்? இவளா? இந்த ஒடுக்கப் பாருங்க! தொண்ணூத்தொன்னுல, தைப்பொங்கலுக்கு மறுநாள், இதே பைப்படியில போட்டது. விசிட்டரு வந்து கொடத்த ஒடைப்பாளா சேர்? நேத்து வரைக்கும் இந்தக் கொடத்துல ஒரு சுண்டு தண்ணி கொறையுது எனக்கு! குவைத்துக்குப் போனா என்னா, அமெரிக்காவுக்குப் போனா என்னா, இவ இந்த முடுக்குப் பிசாசுதான். அடியே, மூணு வாரமா விருந்தாளின்னு விட்டா, என் கொடத்தையாடி தள்ளுற? போடி பின்னுக்கு!"

சார்ஜன்ட் ஒடுக்கைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். அவருடைய வீட்டுப் பக்கமும் ஒரு பைப் இருந்திருக்க வேண்டும். சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு பேனையை வேலுசாமியிடம் நீட்டினார். வேலுசாமி 'தற்காலிக'ப் பக்கத்தில் இருந்த பெயரை வெட்டி, தன் பெயருக்குக் கீழே எழுதினான்.

ஜீப் போன பிறகு பைப்படியில் நடந்ததை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆறு வருஷமும் அன்றைக்கே இறங்கிவிட்டது. இராமலெட்சுமி தலை முதல் கால் வரை நனைந்து, வளையல் ஒன்று உடைந்து, வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தாள். யோகராணி வாசலில் நின்றாள்.

"தண்ணி புடிக்கப் போனியா, சண்டை புடிக்கப் போனியா? சோறாக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல வீட்டுல! ஜீப்புல ஏத்தியிருந்தா என்னா பண்ணியிருப்ப? உனக்கு அறிவே இல்லையாம்மா?"

திட்டிக்கொண்டே போய் டம்ளரில் பிளேன்டீயைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள். கருப்பட்டியைத் தாயின் உள்ளங்கையில் அழுத்தினாள். இராமலெட்சுமி கருப்பட்டியைக் கடித்தாள். இந்தத் தடவை அழுகையை முந்திக்கொண்டு வரக் கோபம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

செப்டெம்பர் இருபத்தெட்டு வந்தது. ஆறு மணிக்கு வேன். பெட்டி கட்டியாகிவிட்டது, ஆனால் பயணம் போகிறவளைக் காணவில்லை. வேலுசாமி தேடிக்கொண்டு பைப்படிக்கு ஓடினான். பயணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியோடு வரிசையில் நின்றாள்.

முடுக்கு முனையில் வேன் ஹோர்ன் அடித்தது.

"அடியே, வேன் வந்திருச்சு" என்றாள் சீனியம்மா. "முன்னுக்குப் போய்ப் புடிச்சிட்டுப் போய்த் தொலையேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீ யாருடி எனக்கு எடம் விட?" என்றாள் இராமலெட்சுமி. "என் முறை வரட்டும், புடிச்சிக்கிறேன்."

ஹோர்ன் மறுபடியும் அடித்தது. அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று வாளிகள் இருந்தன.